சீட்டு ஆடக் கூடாது

“சத்தம் வரணும். ஆனா சீட்டு ஆடக் கூடாது” என்றார் வந்தவர்.

“நான் சீட்டே தொடுறதில்ல சார். மாதா கோயில் திருவிழாவுக்கு மட்டும் ஒரு கை ரம்மி, அம்புட்டுத்தான்” என்றான் தனிஸ்லாஸ்.

“காருல உக்கார்ற சீட்டைச் சொல்றேன் தம்பி!”

விளாங்குடியில் கார்களுக்குப் பாட்டு செட் மாட்டும் கடை வைத்திருந்தான் தனிஸ்லாஸ். ‘ஜப்பான் முறைப்படி பொருத்தித் தரப்படும்’ என்று வாசலில் போர்டு. ஜப்பானை அவன் பார்த்ததெல்லாம் செட்டுகளின் முதுகில் ஒட்டியிருந்த எழுத்தில்தான். அது கிடக்கட்டும். இந்த எண்பத்தாறாம் வருடத்தில் வூஃபர் பெட்டி மாட்ட வருகிற ஒவ்வொரு டாக்ஸிக்காரனும் கேட்பது ஒன்றேதான்: பாட்டுப் போட்டால் சீட்டு அதிர வேண்டும், பின்னால் இருப்பவனுக்குக் குடல் குலுங்க வேண்டும். குலுங்கவே கூடாது என்று கேட்ட முதல் ஆள் இவர். பெயர் அழகுமலை. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. முகத்துக்கும் கொஞ்சம் கஞ்சி போட்டிருந்தார்.

தொழில் என்று வந்துவிட்டால் தனிஸ்லாஸ் பின்வாங்குகிற ஆளில்லை. அம்பாஸடரின் டிக்கியில் பெட்டியை இறக்கி, அடியில் பழைய லாரி டியூபை நாலு மடிப்பாகக் கொடுத்தான். ஆம்ப்ளிஃபயருக்கு பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்தான். என்ஜினை ஓட்டினால் வூஃபர் கொசு மாதிரி ரீங்கரித்தது. கண்டன்சர் வைத்து அதை அடக்கினான். அப்புறம் ஜாக்கி லிவர் கடகடத்தது. சாக்கில் சுற்றிக் கட்டினான். கடைசியில் பின்சீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பாட்டைப் போட்டான். காது கிழிந்தது, தண்ணீர் அலுங்கவில்லை.

“பாட்டு வேணாம். இதைப் போடு” என்று அழகுமலை ஒரு கேசட்டை நீட்டினார்.

பத்து நிமிடம் ஒன்றுமே இல்லை. கேசட் காலி என்று தனிஸ்லாஸ் கையை நீட்டிய நேரத்தில், இடி விழுந்தது. ஒரே ஒரு இடி. எதிர் டீக்கடையில் பெஞ்சோடு சாய்ந்த ரெண்டு பேர் எழுந்து வானத்தைப் பார்த்தார்கள்.

“யாருக்கு சார் இது?” தனிஸ்லாஸின் குரல் இன்னும் தரைக்கு வரவில்லை.

“பேயாண்டின்னு ஒரு பெரியவர். உசிலம்பட்டிக்கு இந்தப் பக்கம் வீடு. ஒரு வேலையா மதுரைக்குக் கூட்டிட்டு வர்றேன். பின்சீட்டுல நிம்மதியா உக்காந்திருக்கையில இது விழணும். முன்கூட்டித் தெரியவே கூடாது.”

“வயசானவருக்கு நெஞ்சு வெடிச்சிராதா சார்?”

“கல்லு மாதிரி ஆளுய்யா. முதுகுக்குப் பின்னால வெடியே வச்சுப் பாத்துட்டேன், அசையல. வெள்ளிக்கிழமையோட அவரு கதையை முடிச்சாகணும். இல்லேன்னா பெரிய தொகை கைவிட்டுப் போயிரும். நீயும் கூட வா, செட்டுல ஏதாவது மக்கர் பண்ணுனாப் பாத்துக்கலாம்.”

தனிஸ்லாஸ் மெல்ல செட்டை அணைத்தான். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. சீட்டுகூட ஆடியிருக்காது. ‘வயசாயிருச்சு, போய்ச் சேந்துட்டாரு’ என்று ஊர் சொல்லிவிடும். இந்த அழகான கொலைக்கு இரைச்சல் இல்லாமல் கண்டன்சர் வைத்துக் கொடுத்தவன் அவன்!

ஒயரைப் பிடுங்கிவிடலாம்; இந்த ஆள் வேறு கடைக்குப் போவான். போலீஸுக்குப் போகலாம், ‘சத்தத்துல கொலை’ என்றால் ஏட்டையா முதலில் இவனைத்தான் பெஞ்சில் உட்கார வைப்பார். மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்பு வாங்கலாம். அதற்குக் கொலை முதலில் நடந்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை பேயாண்டியின் வீட்டு வாசலில் கார் நின்றது. நெடுநெடுவென்று வெளியே வந்த பெரியவரைக் கும்பிட்டு, பின்கதவைக் கையால் காட்டிவிட்டு, “ஒயரை ஒருக்காப் பாத்துக்கிறேன்” என்று டிக்கியைத் திறந்தார் அழகுமலை. தூக்கிய மூடி அவரை மறைத்தது.

இதை விட்டால் நேரமில்லை. தனிஸ்லாஸ் இறங்கி, கதவைத் திறந்துவிடுகிற சாக்கில் பெரியவரின் முதுகுப் பக்கம் போய் நின்றான்.

“பெரியவரே, திரும்பாதீங்க. உடம்பு முடியலைன்னு உள்ள போயிருங்க. அந்த வெள்ளைச் சட்டை உங்களைக் கொல்லப் பாக்குறான்.”

பேயாண்டியிடம் ஒரு சலனமும் இல்லை. காரில் ஏற ஒரு காலை எடுத்து வைத்தார்.

தனிஸ்லாஸ் குரலை உயர்த்தினான். “ஐயா, ஒங்களுக்கும் பேரன் பேத்தி இருக்கும்ல? என்னைப் பெத்த அப்பனா நெனைச்சுச் சொல்றேன்யா. இதுல ஏறுனா உசுரோட எறங்க மாட்டீங்க. நாந்தான் செட்டு மாட்டுனவன். எனக்குத் தெரியும்யா!”

எடுத்து வைத்த கால் மெல்ல மண்ணுக்குத் திரும்பியது. பெரியவரின் உதடு ஓரமாக அசைந்தது.

“உஸ்! கத்தித் தொலைக்காத. காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது எனக்கு. என்ன முடியலைன்னு சொல்லட்டும், நெஞ்சா, வயிறா?”

“நெஞ்சுன்னே சொல்லுங்கய்யா.”

“எந்தப் பக்கம் பிடிச்சுக்கிறணும்? இடதா, வலதா?”

டிக்கி மூடி இறங்கியது. அதற்குப் பின்னால் டைரியும் பேனாவுமாக நின்றிருந்தார் அழகுமலை.

“வூஃபரைக் கழட்டிரு தம்பி, இனி அதுக்கு வேலையில்ல. கல்குவாரி வெடியில ரெண்டு காதும் சுத்தமாப் போச்சு, நஷ்டஈடு குடுன்னு இவரு எங்க இன்சூரன்ஸ் கம்பெனி மேல கேஸ் போட்டு மூணு வருசம், இன்னைக்குத்தான் தீர்ப்பு!”