அந்தரத்தில் ஒரு கை

ஹேடோ துறைமுகத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கிரேன் கொக்கியில் சிமெண்ட் மூட்டைகள் தொங்குகின்றன. கீழே சிக்னல் காட்டும் அருள்நாதனின் வலது கை தூக்கியபடியே நிற்கிறது. இறக்கச் சொல்லும் சைகை எது? இத்தனை வருடம் கை தானாகச் செய்தது, இப்போது யோசித்தும் வரவில்லை. கேபினிலிருந்து ஆபரேட்டர் குணா எட்டிப் பார்க்கிறான். "அண்ணே, சாப்பிடலியா? சுகர் இறங்கிடுச்சா?"

"சாப்ட்டேன்டா."

மனைவி செலின் கட்டிக்கொடுத்த கோதுமை உப்புமாவின் ருசிகூட நாக்கில் இருக்கிறது. சுகர் கண்ணைப் பிடிக்கும், காலைப் பிடிக்கும் என்று சொல்லிவந்த டாக்டர், போன மாதம் ஞாபகத்தையும் பிடிக்கும் என்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். குணா ஹாரன் அடித்து ஆட்களை விலக்குகிறான். "டீக் ஹை, பரவால்ல அண்ணே, நான் பாத்துக்கறேன்." சுமை மெல்ல இறங்குகிறது. அதைப் பார்த்து அருள்நாதனின் விரலும் கீழ்நோக்கிச் சுழலத் தொடங்குகிறது. தூரத்தில் நிற்பவர்களுக்கு, அவர்தான் இறக்குவதுபோல் இருக்கிறது.