பன்னிரண்டாம் மாடிக் காகங்கள்

மணி ஒன்றரை. பரமசிவத்தின் அப்பாவுக்குத் திதி. சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஏர்கான் பெட்டியின் மேல் வாழையிலைத் துண்டில் சோறு, பருப்பு, வடை எல்லாம் வைத்தாயிற்று. காகத்தைத்தான் காணோம்.

“கா... கா...” என்று பதினோராவது மாடியிலிருந்து அவர் கத்திய கத்தலில், எதிர் பிளாக்கில் இரண்டு பேர் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

காகம் எடுத்தால்தான் வீட்டில் சாப்பாடு. சிங்கப்பூரின் கிழக்குக் கோடி பாசிர் ரிஸ்ஸிலிருந்து வந்திருந்த தம்பி குடும்பம் முகம் வாடிப்போய் சோபாவில் உட்கார்ந்திருந்தது. பரமசிவத்துக்கோ சர்க்கரை வியாதி. நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும்.

“வருஷா வருஷம் ரெண்டே நிமிஷத்துல வந்துடுவாரே கமலா! அப்பாவுக்கு என் மேல என்ன கோபமோ?”

“அவருக்கு ஒரு கோபமும் இல்லைங்க. மேல் வீட்டு பெர்னார்ட் ஜன்னலுக்கு வந்த காக்காவை எல்லாம் நீங்கதானே விரட்டினீங்க?”

பரமசிவம் மறுபடி எதிர் மரத்தைப் பார்த்தார்.

பெர்னார்ட் தனி ஆள். விடிந்ததும் ஜன்னலில் பப்பாளியும் ரொட்டியும் வைத்துவிட்டு, கையில் காபியோடு உட்கார்ந்துவிடுவார். மைனா, மாங்குயில், காகம் என்று ஒரு கூட்டமே வரும். அதைப் பார்ப்பதுதான் மனிதருக்கு டிவி, சினிமா எல்லாம்.

போன மாதம் அதில் ஒன்று, காயப்போட்டிருந்த பரமசிவத்தின் வெள்ளைச் சட்டையில் எச்சம் போட்டுவிட்டது. அவ்வளவுதான். போட்டோ எடுத்தார். டவுன் கவுன்சிலுக்கு அனுப்பினார். ‘பறவைகளுக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம்’ என்று பிளாக் வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டார். பெர்னார்டுக்குக் கடிதம் வந்தது, ஜன்னல் மூடிக்கொண்டது.

“அப்ப நீங்க வெச்சிருக்கிறது மட்டும் என்னவாம்?” கமலா இலையைக் காட்டினாள்.

“இது திதி! அது வேற, இது வேற.”

“காக்காவுக்குத் தெரியுமா அது?”

இனி மானத்தைப் பார்த்தால் சோறு கிடைக்காது. பரமசிவம் மாடி ஏறினார்.

பெர்னார்ட் ஸ்வெட்டரோடு கதவைத் திறந்தார். டிசம்பர் மழையில் இருபத்துநாலு டிகிரி. சிங்கப்பூர்க்காரருக்கு அது போதாதா?

“பெர்னார்ட்... இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கொஞ்சம் ரொட்டி வெச்சு, அதுங்களைக் கூப்பிட முடியுமா?”

“ஐயோ, சட்டப்படி குத்தம்ணே. நீங்கதானே குரூப்ல போட்டீங்க?”

பரமசிவம் நின்ற நிலையைப் பார்த்து பெர்னார்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ரொட்டி வைக்கக்கூடாதுன்னுதான் லெட்டர்ல இருக்கு. ஸ்பூனைத் தட்டக்கூடாதுன்னு இல்ல லா. வாங்க.”

ஜன்னலைத் திறந்து, கம்பியில் ஸ்பூனால் நாலு தட்டு தட்டினார். முன்பு தினமும் தீனி வைக்கும்போது தட்டியது அப்படித்தான்.

எதிர் மரத்திலிருந்து இரண்டு காகங்கள் பறந்து வந்தன. வெறும் ஜன்னலைப் பார்த்துக் கழுத்தைச் சாய்த்தன. பிறகு கீழே எட்டிப் பார்த்துவிட்டு நேராக இலைக்கு இறங்கின.

“எடுத்துடுச்சுங்க! சாப்பிட வாங்க!” கீழிருந்து கமலாவின் குரல் வந்தது.

பரமசிவத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பெர்னார்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்ல வேளை, வயித்துல பாலை வார்த்தே. ஆனா ஒண்ணு பெர்னார்ட், பதினஞ்சு வருஷமா எங்கப்பா யாரும் கூப்பிடாமலே தானா வந்தாரு. இந்த வருஷம்தான்...”

பெர்னார்ட் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

“தானா வரலைண்ணே. வருஷா வருஷம் அண்ணி எனக்குத் தேதியைச் சொல்லிடுவாங்க. அன்னிக்குக் காலையில மட்டும் நான் ஒண்ணுமே வைக்க மாட்டேன். அதுங்க பசியோட உங்க இலைக்கு இறங்கிடும்.”