கூப்பிட்ட பெயர்

கல்லூரி மிஷன் குழுவோடு பியூலா அந்த அயல்நாட்டு மலைக்கிராமத்துக்கு முதன்முறை போனபோது, அவளைத் தங்கவைத்த வீட்டம்மா நிறைமாதமாக இருந்தாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. தன் ஊர்ச் சபையில் பெரியவர்களைக் கண்டால் சொல்கிற பழக்கத்தில் பியூலா நெஞ்சுக்கு நேரே கைகூப்பி, "தோத்திரம்" என்றாள். அதுதான் இவள் பெயர் என்று வீட்டம்மா எடுத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் தோத்திரம், வெந்நீர் வைத்தாலும் தோத்திரம். திருத்தித் திருத்திப் பியூலாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஊழியம் என்று வந்துவிட்டு, ஒருவருக்கும் ஒரு வசனம்கூடச் சொல்ல முடியாத வெட்கத்தோடு ஊர் திரும்பினாள். நாலு வருஷம் கழித்து, முதுகலை மாணவியாக மறுபடியும் அதே வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் வீட்டம்மா வாசலில் நின்று, அடிவயிற்றிலிருந்து "தோத்திரம்!" என்று கூவினாள். எதிர்மலை அதை அப்படியே திருப்பிச் சொன்னது. கூட வந்திருந்த ஹெப்சிக்குப் புல்லரித்துவிட்டது.

"ஏட்டி, இவங்க எப்பம் ரட்சிக்கப்பட்டாங்க?"

தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று பியூலா ஓடினாள். வீட்டம்மா அவளைத் திரும்பியே பார்க்கவில்லை. ஆட்டுக்குட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு ஒரு சின்னப்பெண் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். பியூலாவின் கைகள் தாமாகக் கூப்பிக்கொண்டன. "தோத்திரம்" என்றாள், யாருக்கென்று தெரியாமல்.

"ம்?" என்று நிமிர்ந்தது குழந்தை.