பன்னிரண்டு வளைவு

லான்மடாவ் தெரு மாடி அறையில் ஜன்னலோரம் பழம்பொருள் மதிப்பீட்டாளர் தனசேகரன், எதிரே சத்யபாமா, கதவருகே ஸ்டூலில் அவள் அண்ணன் உதயசூரியன். நடுவே மேசைமேல், இறந்துபோன அவள் கணவர் விட்டுப்போன மலாய்க் கத்தி, கெரிஸ். அசல் என்று தனசேகரன் எழுதிக் கொடுத்தால் பினாங்குக் காட்சியகம் அதைக் கணவர் பெயரோடு வைக்கும்.

“பிடி பத்தானி பாணி, உறை பூகிஸ் பாணி, அலகு இங்கே ஷ்வேப்யிதா தகரப் பட்டறையில அடிச்சது,” என்று உதட்டைப் பிதுக்கினார் தனசேகரன். “அசல்ல அலகோட வளைவு ஒற்றைப்படையாத்தான் இருக்கும்மா. இதுல பன்னிரண்டு. செஞ்சவனுக்கு எண்ணக்கூடத் தெரியல.”

“இன்னொரு தரம் எண்ணுங்க, சயா,” என்றாள் சத்யபாமா, ஆசானை அழைக்கும் பர்மிய மரியாதையில்.

எண்ணினார். பதின்மூன்று. கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினார். பதினைந்து. கத்தி நீளவில்லை.

“எத்தனை?” என்றான் உதயசூரியன்.

“பன்னிரண்டுதான். முப்பது வருஷமா பார்க்கிற கண்ணுய்யா இது. உன் மச்சானை எவனோ நல்லா ஏமாத்திட்டான்.”

சத்யபாமா தலைகுனிந்தாள். தனசேகரன் பினாங்குக்கு நிதானமாக எழுதினார்: பன்னிரண்டு வளைவுகள், போலி. கடிதத்தைக் கவரில் போட்டு, பசை தடவி ஒட்டி, உதயசூரியனிடம் தபாலுக்குக் கொடுத்தனுப்பினார். அவன் படியிறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகுதான் மேசையைப் பார்த்தார். யாரும் தொடாத கெரிஸ், ஒரு வளைவும் இல்லாமல், அடிக்கோல் போல நேராகக் கிடந்தது.