மாப்பிள்ளை பார்க்கப் போன வேன்

“மாப்பிள்ளை பாக்கப் போற சனம் இப்பிடியா சிரிக்கிற?” என்று கேட்டுக்கொண்டே அருமைநாயகம் வேன் சாவியை முறுக்கினான்.

பின் சீட்டில் செட்டிபாளையத்துச் சீதேவிப்பிள்ளையும் அவள் மகள் தவமலரும். ஏறின நேரத்திலிருந்து இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

மூடிக்கிடந்த பாதை திறந்த வருசம் அது. சண்டை நின்றிருந்தது, முடிந்துவிட்டது என்று நம்ப அருமைநாயகம் தயாரில்லை. அவன் யாரையும் நம்புகிற ஆளும் இல்லை.

களுவாஞ்சிக்குடிச் சந்தியில் மற்ற வேன்கள் சும்மா நிற்க, இவர்கள் இரண்டு நாள் காத்திருந்து அவன் வேனைத்தான் பிடித்தார்கள். மலைக்குப் போகவேண்டுமாம். மாட்டேன் என்றவனை, “நல்ல சனம், போ” என்று அவன் தாய்தான் துரத்திவிட்டாள்.

சீதேவிப்பிள்ளையின் மடியில் ஒரு பார்சல். பின்னால் வைக்கச் சொன்னால் விடுகிறாள் இல்லை. அந்த நாளில் மடியை விட்டு இறங்காத பார்சலை எவன் நம்புவான்?

கறுத்தப் பாலத்தில் ஆமிக்காரன் அதை அவிழ்க்கச் சொன்னான். உள்ளே கரை போட்ட ஒரு வேட்டி, வெற்றிலை, ஒரு சீப்பு வாழைப்பழம்.

“மாப்பிள்ளைக்கு” என்றாள் சீதேவிப்பிள்ளை. ஆமிக்காரன் சிரித்துக்கொண்டு போகச் சொன்னான். அடுத்த தடையில் புலி இயக்கக்காரனும் அவிழ்த்துப் பார்த்தான், அவனும் சிரித்தான். இந்த இரண்டு பேரும் ஒரே விசயத்துக்குச் சிரித்து அருமைநாயகம் அதுவரை கண்டதில்லை.

“மாப்பிள்ளை என்ன, அவ்வளவு பெரிய ஆளா?” என்று கேட்டான்.

“ஆள் பெரிசோ சின்னனோ, குணம் தெரியணும் தம்பி. மூத்தவளுக்குப் பாக்கப் போன அண்டு அவன் புதுச் சேட்டுப் போட்டுக்கிட்டுத் தேனாக் கதைச்சான். நம்முட முறைக்கு வீட்டையும் எழுதிக் குடுத்து, அவனையும் கொண்டந்து வீட்டுக்குள்ள வெச்சம். இப்ப உடைக்கிறத்துக்குச் சட்டி பானை மிச்சமில்ல.” தாய்க்காரியின் சிரிப்பு அந்த நேரம் மட்டும் நின்றது. “இவளுக்கும் அப்பிடி அமைஞ்சா நான் வாவியிலதான் விழணும். இண்டைக்கு ஓமா இல்லயா எண்டு முடிவு எடுக்காம ஊருக்குத் திரும்ப மாட்டன்.”

“ஒரு நாள்ல என்னத்தக் கண்டுபிடிக்கிற?”

“ஒழுங்காப் பாத்தா ஒரு நாள் காணும். உங்களுக்கு விளங்காது, நீங்க இன்னும் கட்டல்லத்தானே.”

“அது எப்பிடித் தெரியும்?”

“சேட்டில பொத்தானக் காணல்லயே” என்றாள் தவமலர். மறுபடி இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிபிலை தாண்டி ஏற்றம் தொடங்கியது. வயல் வரம்பை விட உயரமாக எதிலும் ஏறாத சனம். முதல் வளைவிலேயே கூத்து.

“அம்மோய், முகில் நமக்குக் கீழ கிடக்கு.”

“கீழ பாக்காத புள்ள, என்னப் புடிச்சிக்க.”

“நீங்கதானே என்னப் புடிச்சிக்கிட்டு இரிக்கீங்க.”

குரங்கைக் கண்டால் நிப்பாட்டு. தண்ணீர் விழுந்தால் நிப்பாட்டு. “இஞ்ச பாருங்க, நிப்பாட்டுங்க.” “இஞ்ச கேளுங்க, எடுங்க.” எல்லாம் இஞ்சதான். சந்தியில் பெட்டைகளெல்லாம் அவனை அண்ணன் என்றுதான் கூப்பிடும். இவள் வாயில் அந்த ஒரு சொல் வரவில்லை. திமிர் என்று முடிவு கட்டினான்.

லுணுகலை வளைவுகளில் ஐப்பசி மழை பிடித்தது. தவமலர் சிரித்த வாயோடு வாந்தி எடுத்தாள். நேற்றுத்தான் அவன் புது உறை மாட்டிய சீட் அது.

தாய்க்காரி மகளைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள்.

அருமைநாயகம் பல்லைக் கடித்தான். மழைக்குள் இறங்கிப் போய்க் கடையில் தேசிக்காய் வாங்கி வந்தான். “இத மணந்துபோட்டு, மறுகா கண்ண மூடிக்கிட்டு இருங்க” என்று அவளிடம் கொடுத்துவிட்டு, சீட்டைத் தானே துடைத்தான்.

“கோவம் வரல்லயா தம்பி?”

“வந்ததுதான். ஆரோட கோவிக்கிற, மலையோடயா?”

பசறை தாண்ட மழை விட்டது. வெளுத்த முகத்தோடு, மூக்கில் தேசிக்காயோடு, அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கண்ணால் காணாத அந்த மாப்பிள்ளையை அருமைநாயகத்துக்கு ஏனோ பிடிக்கவில்லை.

“எங்க அவன்ட வீடு?” என்றான் வெடுக்கென்று.

“மேல போங்க.”

போனான். “இனி?”

“இன்னும் மேல.”

முகில் வந்து கண்ணாடியை மூடியது. வேனை ஓரங்கட்டி, கைப்பிரேக்கை இழுத்தான்.

“இதுக்கு மேல வானந்தான் இரிக்கி. மாப்பிள்ளை தேவலோகத்திலயா வேல செய்யிறார்? விலாசத்தச் சொல்லுங்க.”

சீதேவிப்பிள்ளை மகளின் முகத்தைப் பார்த்தாள். தவமலருக்கு அன்று முதல் தடவையாகச் சிரிப்பு நின்றது. குனிந்த தலையை ஒருக்கா மெல்ல ஆட்டினாள்.

தாய்க்காரி எட்டி, பார்சலைத் தூக்கி அருமைநாயகத்தின் மடியில் வைத்தாள்.

“வேனத் திருப்புங்க மருமகன்.”