உலர்ந்த விரல்

மூன்று நாள் சலித்து, மலையாற்று மணலில் பாதியை இடம் மாற்றிவைத்த பிறகு, தட்டின் அடியில் ஒரு பொன்துகள் மின்னியது. கடுகுக்குப் பேரன் பிறந்தால் அந்த அளவு இருக்கும். ஓய்வுபெற்ற சர்வேயர் திருஞானம் விரலைப் பின்னந்தலையில் மிஞ்சியிருந்த முடியில் தேய்த்து உலர்த்தி, துகளின் மேல் மெல்ல ஒற்றினார். ஒட்டிக்கொண்டது. இனி குப்பித் தண்ணீரில் விரலை வைத்தால் துகள் தானாக உள்ளே இறங்கிவிடும். ஆனால் குப்பி எதிர்க்கரையில், மனைவி குஞ்சரத்தின் பையில் இருந்தது.

"குஞ்சரம்! குப்பியக் கொண்டா! தங்கம்!"

"தண்ணி இடுப்பு வரைக்கும் ஏறிருச்சு. நீங்க வாங்க!"

"வழுக்கி விரல் நனைஞ்சா போயிரும்டி!"

"நேத்தும் இப்படித்தான் கத்துனீங்க. வந்து பாத்தா காக்காப்பொன்னு."

அட்டை ஒன்று அவர் கால்சட்டைக்குள் ஊர்வலம் போனது. மறு கையில் தட்டு இருந்ததால் சொறியக்கூட வழியில்லாமல், விரலை வானத்துக்கு நீட்டியபடி நின்றார். அப்போது பார்த்து, இளநீர்க்காய் அளவில் ஒரு மழைத்துளி வழுக்கைத் தலையில் விழுந்தது. அடுத்தது தோளில். சட்டை, துண்டு, இடுப்பில் செருகியிருந்த தொப்பி எல்லாம் ஏற்கெனவே சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. உலகத்தில் ஒளித்துவைக்க வேறு இடமே இல்லாததுபோல விரலை வாய்க்குள் விட்டு உதடுகளை இறுக மூடிக்கொண்டார்.

அக்கரையில் குஞ்சரம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, இது நெசந்தானா? ஒரு வார்த்தை சொல்லுங்க, இறங்கி வர்றேன்!"

திருஞானம் கண்களை மட்டும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பெரிதாக்கினார்.