தொடைக் குழிகள்

பச்சை அங்கி முழங்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. கீழே இழுத்தேன். முதுகில் முடிச்சு அவிழ்ந்தது.

பெங்களூரில் இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி கட்டியவர்களுக்கு, நாற்பது வயதுப் பொம்பளையின் தொடையை மூடுகிற அளவுக்குத் துணி எடுக்கத் தோன்றவில்லை.

ஸ்கேன் எடுக்கும் பெண் உள்ளே கூப்பிட்டாள். சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தேன். ஒரு நாளைக்கு முப்பது தொடை பார்க்கிறவள். என்னுடையதைப் பார்த்து மயங்கி விழப்போவதில்லை. இருந்தாலும் நண்டு நடைதான்.

"மேடம், ஸ்வல்ப்ப காலை நீட்டிப் படுங்க," என்றாள், கன்னடத்தையும் தமிழையும் கலந்து.

நீட்டினேன். மெஷின் என்னை உள்ளே இழுத்துக்கொண்டது. மூச்சை இழு, பிடி, விடு என்று காதில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அசையக் கூடாது. யோசிக்கலாம்.

யோசிக்க என்னிடம் ஐந்து மாதக் கூத்து இருந்தது.

மூக்கண்டப்பள்ளியில் கார் கதவு செய்கிற கம்பெனியில் எனக்கு குவாலிட்டி செக்கிங் வேலை. தகட்டின் மேல் விரலை ஓட்டுவேன். கடுகளவு பள்ளம் தட்டுப்பட்டாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவேன். பன்னிரண்டு வருடமாகத் தகட்டில் குழி தேடியவள், ஒரு நாள் வீட்டுக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பார்த்தேன். லோடு மொத்தமும் ரிஜெக்ட்.

பேக்கரி மாடியில் இருந்த ஜிம்மில் சேர்ந்தேன். படியேறி முடிக்கும் வரை, தேங்காய்ப்பூ வைத்துச் சுட்ட தில்பசந்த் வாசனை கூடவே வந்தது.

எதற்காகச் சேர்கிறீர்கள் என்று படிவத்தில் ஒரு கட்டம். தொடைக் குழி போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பயிற்சி தரும் தினேஷ்குமார் அதைப் படித்துவிட்டுத் தரையைப் பார்த்தபடியே பதில் சொன்னார். அதற்குப் பெயர் செல்லுலைட்டாம். எடை குறைந்து தொடை இறுகினால் கொஞ்சம் மங்குமாம். அடியோடு போகாதாம். நேர்மையான மனிதர்.

முதல் நாள் உட்கார்ந்து எழச் சொன்னார். உட்கார்ந்தேன். எழுப்ப இரண்டு பேர் வந்தார்கள்.

கம்பெனியில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் ஜெயப்ரியா, காப்பித்தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தேய்க்கச் சொன்னாள். ஒரு வாரம் தேய்த்தேன். குழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குளியலறைக் குழாய்தான் அடைத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் ராஜசேகர் ஒரு மணி நேரம் கம்பியை விட்டுக் குத்தினார். அதன் பிறகு பத்து நாள் காப்பி வேண்டாம் என்றுவிட்டார்.

கேன்டீனில் போண்டா போடும் நாட்களில், நான் மட்டும் ஒரு வெள்ளரிக்காயோடு ஓரமாக உட்கார்ந்து, ஆடு மாதிரி மென்றேன்.

தங்கை பிரவீனா தினமும் போனில் குழிகளை விசாரிப்பாள். எத்தனை போச்சு, எத்தனை பாக்கி என்பாள். இந்த வயதில் யாருக்குக் காட்டப்போகிறாய் என்று கேட்டுவிட்டு மூச்சு வாங்கச் சிரிப்பாள். அவளுக்காகவே தினம் ஒரு கேவலத்தைச் சேர்த்து வைத்திருப்பேன். டிரெட்மில்லில் வழுக்கியது, குனிந்தபோது பேன்ட் கிழிந்தது, எதையும் மறைக்கவில்லை.

பதினோரு கிலோ குறைந்தது. குழிகள் அப்படியே இருந்தன. சுற்றிலும் சதை வற்றியதில், மழை வடிந்த சர்வீஸ் ரோடு மாதிரி இன்னும் தெளிவாகத் தெரிந்தன.

மெஷின் என்னை வெளியே தள்ளியது.

சேலைக்கு மாறி, ராஜசேகரோடு டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன். அவர் திரையில் இரண்டு படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஒன்று ஐந்து மாதத்துக்கு முன்னால் எடுத்தது. இன்னொன்று இன்றைக்கு எடுத்தது. அன்று கல்லீரலில் கொழுப்பு இருபத்திரண்டு சதவீதம் இருந்தது, இன்றைக்கு நாலு என்றார்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் வைத்துத்தான் என்னை வேண்டாம் என்றார்கள். இவ்வளவு கொழுப்புப் படிந்த கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி, ஈரல் கெட்டுப்போன பிரவீனாவுக்கு வைக்க முடியாது என்றார்கள். அவள் வீட்டுக்காரர் சிவராஜ் கொடுக்கலாமென்றால் ரத்த வகை சேரவில்லை. வேறு ஆளும் இல்லை. சொன்னபோது பிரவீனா அழவில்லை. பரவாயில்லை, விடுக்கா என்று மட்டும் சொன்னாள்.

எடை குறைத்துப் பார்க்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். மறுபடி ஒரு தடவை ஆசை காட்டி ஏமாற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் ராஜசேகரைத் தவிர எல்லோரிடமும் தொடை என்றே சொன்னேன். முழுப் பொய்யும் இல்லை. குழி போயிருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்?

மிச்சமிருக்கிற ரத்தப் பரிசோதனைகளும் சரியாக வந்தால் இந்த மாதக் கடைசியிலேயே ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. உங்கள் தங்கையிடம் யார் சொல்வது என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன்.

பிரவீனா நாலாவது மாடியில் இருந்தாள். வயிற்றில் கோத்த நீரை எடுப்பதற்காக மூன்று நாளாகப் படுக்க வைத்திருந்தார்கள். கண் மஞ்சளாக இருந்தது. வேலை நாளில் இங்கே என்னக்கா என்று கேட்டாள்.

சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன்.

அவள் ஊசி குத்தியிருந்த கையைப் பத்திரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டிலில் ஓரமாக நகர்ந்தாள்.

"நர்ஸ் பாத்தா திட்டுவாங்க. கதவச் சாத்திட்டு எம் பக்கத்துல வந்து படுக்கா."

சாத்திவிட்டு வந்து செருப்பைக் கழற்றினேன்.